காரைக்குடிப் பக்கம் தனியாக இருக்கும் அம்மாவுக்கு டேப்லெட்டில் வீடியோ அழைப்பு: எதை வாங்குவது, எப்படி அமைப்பது?

முகப்புத்திண்ணை | 6 டிசம்பர் 2025

அம்மாவுக்கு 76 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் டொராண்டோவில், தங்கை அபுதாபியில். அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த சின்ன போன். சில மாதம் முன்புவரை பழைய மடிக்கணினியில் ஸ்கைப் வைத்திருந்தோம். எதிர்வீட்டுப் பையன் வந்து திறந்து கொடுப்பான். 2025 மே 5ஆம் தேதியோடு ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள். ஜூனில் பையனும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். அதிலிருந்து குரல் மட்டும்தான். "பிள்ளைக்குப் பல் விழுந்துவிட்டதாமே, அப்பத்தாவுக்குக் காட்டக் கூடாதா?" என்று போன வாரம் கேட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். மூன்று வாரம் இருப்பேன். அதற்குள் ஒரு டேப்லெட் வாங்கி வைத்துவிட்டு வர வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. நான் அழைத்தால் அவர் எதையும் தொடாமலே திரை தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அப்படி ஒரு வசதி உண்டா?

சாலிடர் | 6 டிசம்பர் 2025

உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. ஐபேடில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் அழைப்பைத் தானாக எடுக்கும் வசதி இருக்கிறது. ஆப்பிளின் வீடியோ அழைப்புச் செயலியான ஃபேஸ்டைமுக்கு அது வேலை செய்யும். வாட்ஸ்ஆப்பில் அப்படி எதுவும் கிடையாது. ஐபேடுக்கான வாட்ஸ்ஆப் 2025 மே மாதம்தான் வந்தது. அதையும் ஒரு ஸ்மார்ட்போனோடு இணைத்தால்தான் பயன்படுத்த முடியும். உங்கள் அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லையே.

மதுரையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். ஒருவர் புத்திசாலித்தனமாகத் தன் போனிலுள்ள வாட்ஸ்ஆப்பையே அம்மாவின் டேப்லெட்டோடு இணைத்துக் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அவருடைய அலுவலகச் செய்திகள், மனைவியோடு போட்ட சண்டை, நண்பர்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் அம்மாவின் திரையில் வந்து விழுந்தன. "இதை நிறுத்திக் கொடு தம்பி, எனக்கு ஒன்றும் தெரியாததுபோல இருந்துகொள்கிறேன்" என்று அந்த அம்மா என் கடைக்கு வந்தார்.

பனங்காடு | 7 டிசம்பர் 2025

நான் ஒஸ்லோவில், அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். தானாகத் திறக்கும் வசதியை இரண்டு வருடம் வைத்திருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை அசையாமல் இருந்த காலத்தில் அது இல்லாவிட்டால் நான் அவரைப் பார்த்தே இருக்க முடியாது. எனவே அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் டேப்லெட் அப்பாவின் கட்டிலைப் பார்த்து இருந்தது, அது அம்மாவும் உடை மாற்றும் அறை என்பதை நான் யோசிக்கவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் பார்த்தால் திரைமேல் ஒரு துவாய் கிடந்தது. அவ்வளவுதான் அவர் சொன்ன பதில்.

மணல்மேடு | 7 டிசம்பர் 2025

முகப்புத்திண்ணை, தங்கை அபுதாபியில் என்கிறீர்களே, அதை முதலில் கவனியுங்கள். நான் துபாயில் இருக்கிறேன். இங்கே வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பலாம். பேசவோ முகம் பார்க்கவோ முடியாது. ஃபேஸ்டைமும் அப்படித்தான். அனுமதிப் பட்டியலில் இருப்பவை போட்டிம், ஜூம், டீம்ஸ், கூகிள் மீட் போன்றவை. எங்கள் வீட்டில் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்ஆப்பில் அழைப்பார், நான் போட்டிமில். மணி அடித்தால் எந்தப் பச்சையைத் தொடுவது என்று அம்மா குழம்பி, இரண்டையும் எடுக்காமல் விட்டுவிடுவார். அண்ணனும் தங்கையும் முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

கணக்கு டீச்சர் | 8 டிசம்பர் 2025

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த அம்மா. வயது 71, தஞ்சாவூர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, மகன் கலிபோர்னியாவில். அம்மா பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், தானாகத் திறப்பது. முகப்புத்திண்ணை தம்பி, உங்கள் அம்மாவுக்குக் கை நன்றாக இருக்கிறதா? இருந்தால் அது வேண்டாம். கதவு தட்டாமல் மகனே வந்தாலும் எனக்குப் பிடிக்காது. தலை வாரிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அழைப்பை எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நானே அழைக்கவும் தெரிய வேண்டும். என் மகன் முதல் வருடம் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவன் கூப்பிடுவான், நான் எடுப்பேன். கூப்பிடாத நாளில் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்தது விரல். எங்கள் விரல் காய்ந்து போயிருக்கும், தொட்டால் திரைக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று அழுத்திப் பிடிப்போம். அழுத்திப் பிடித்தால் வேறு ஏதோ பட்டியல் திறக்கும். நமக்குத்தான் வரவில்லை என்று அத்தோடு விட்டுவிடுவோம். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மைக்குள் "தொட்டுப் பிடிக்கும் நேரம்" என்று ஒன்று இருக்கிறது. அதை மிக நீளமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். எழுதுகோல் போல ஒரு மலிவான தொடுகோலும் வாங்கிக் கொடுங்கள். எனக்குக் கரும்பலகைப் பழக்கம், கோல் கையில் இருந்தால் தைரியம் வந்துவிடுகிறது.

இன்னொன்று. பேசிக்கொண்டிருக்கும்போது கை தவறிப் பின்செல்லும் குறியைத் தொட்டுவிட்டால் மகன் சுருங்கி ஒரு மூலையில் தபால்தலை அளவில் நிற்பான். குரல் மட்டும் வரும். முதல்முறை நான் பயந்தே போனேன். அந்தத் தபால்தலையைத் தொட்டால் பெரிதாகும் என்பதை வேண்டுமென்றே பத்துமுறை சுருக்கிக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். எது தவறும் என்பதைச் சொல்லிக் கொடுக்காமல் எது சரி என்பதை மட்டும் காட்டிவிட்டுப் போகிறீர்கள். வகுப்பில் அப்படி நடத்தியிருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

டேப்லெட்டின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, உங்கள் போனையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் நீங்கள் அங்கிருந்து "செட்டிங்ஸ்" என்பீர்கள், எங்கள் திரையில் "அமைப்புகள்" என்று இருக்கும். அரை மணி நேரம் தேடுவோம்.

முகப்புத்திண்ணை | 8 டிசம்பர் 2025

டீச்சர், தானாகத் திறப்பதைக் கைவிட்டேன். அம்மாவுக்குக் கை நன்றாகவே இருக்கிறது, இன்றும் அவர்தான் முறுக்குப் பிழிகிறார். பனங்காடு சொன்ன துவாயை என்னால் மறக்க முடியவில்லை.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வாட்ஸ்ஆப்பைப் போட்டு, பதிவுக் குறியீட்டை அம்மாவின் பொத்தான் போனில் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொண்டால் போதுமே? அப்படியானால் சிம் இல்லாத, வைஃபை மட்டும் உள்ள மாடலே போதும், விலையும் குறைவு.

சாலிடர் | 9 டிசம்பர் 2025

போன மாதம் கேட்டிருந்தால் "தாராளமாக" என்று சொல்லியிருப்பேன். நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்ஆப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகளுக்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. எந்த எண்ணில் பதிவு செய்தோமோ அந்த சிம் அதே கருவியில் இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்கிறார்கள். கெடு 90 நாள். நடைமுறை எப்படி அமைந்தாலும், புதிதாக வாங்குபவர் சிம் போடும் மாடலாகவே வாங்கிவிடுவது நல்லது.

சிம்முக்கு வேறு பயனும் உண்டு. உங்கள் ஊரில் ஃபைபர் இணைப்பு அறுந்தால் சரிசெய்ய எத்தனை நாளாகும்? அந்த நாட்களில் சிம்மின் இணையம் கைகொடுக்கும்.

ஆனால் அம்மாவின் இப்போதைய எண்ணைக் கழற்றி டேப்லெட்டில் போடாதீர்கள். அது வங்கியோடும் எரிவாயுப் பதிவோடும் இணைந்த எண்ணாக இருக்கும். டேப்லெட்டுக்குத் தனி சிம் வாங்குங்கள், ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன். வாட்ஸ்ஆப் வீடியோ அழைப்பில் 2023 ஆகஸ்ட் முதல் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. ஏமாற்றுக்காரன் வங்கி அதிகாரி போலப் பேசி, திரையைப் பகிரச் சொல்லி, வந்து விழும் ஓடிபி எண்ணைப் படித்துக்கொள்வான். வங்கிக் குறுஞ்செய்தி பொத்தான் போனுக்கே போய்க்கொண்டிருந்தால் டேப்லெட்டின் திரையில் அவனுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. பணம் அனுப்பும் செயலி எதையும் அதில் போடாதீர்கள்.

மணல்மேடு | 9 டிசம்பர் 2025

சீருடை போட்டுக்கொண்டு வீடியோவில் வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்லி வையுங்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. எங்கள் தெருவில் ஓர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரே அகப்பட்டார், படிப்பு இதற்கு உதவவில்லை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாட்ஸ்ஆப்பில் தனியுரிமைக்குள் "அழைப்புகள்" பகுதியில் தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது. முதல் வேலையாக அதை இயக்குங்கள்.

தங்கை விஷயம் என்ன ஆயிற்று?

முகப்புத்திண்ணை | 10 டிசம்பர் 2025

தங்கையிடம் பேசினேன். அன்றாடப் பேச்சுக்கு நான் வாட்ஸ்ஆப், அவள் போட்டிம் என்று ஆரம்பித்தால் மணல்மேடு வீட்டுக் கதைதான் இங்கும் நடக்கும். எனவே வார நாட்களில் அவள் எப்போதும் போலக் குரலில் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூகிள் மீட்டில் சேர்கிறோம். நாட்காட்டியில் வாராவாரம் திரும்பும் நிகழ்வாகப் போட்டால் ஒரே இணைப்பு முகவரி நிலைத்திருக்கிறது. அதை முகப்புத் திரையில் ஒரு சின்னமாக வைத்துவிடலாம். அம்மாவுக்கு உருவாக்கும் ஜிமெயிலையும் அழைப்பில் சேர்த்துவிட்டால் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம்தான். அதற்குள் குழந்தைகளே ஓடிவிடுவார்கள்.

நேரம்தான் கொஞ்சம் வில்லங்கம். இந்தியாவில் காலை 8 மணி என்றால் எனக்கு முந்தைய இரவு 9.30, தங்கைக்குக் காலை 6.30. மார்ச் 8 அன்று இங்கே கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், அப்போது எனக்கு 10.30 ஆகிவிடும். அம்மாவின் காலை எட்டை மாற்றப் போவதில்லை. நாங்கள் மாறிக்கொள்கிறோம்.

பனங்காடு | 10 டிசம்பர் 2025

மின்சாரம்! யாரும் சொல்லவில்லையே. ரௌட்டருக்கென்று 12 வோல்ட் சிறு யுபிஎஸ் கிடைக்கும். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். நான் ஒன்றுக்கு மட்டும் வாங்கிவிட்டு, விளக்கு எரிகிறது, இணையம் வரவில்லை என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறி இலங்கை முழுவதும் இருண்டதே, அன்றைக்குக்கூட அம்மா சிம் வழியாக வந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குரங்கைத் திட்டினார்.

அப்பாவுக்குக் காது மந்தம். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலி வரும். அவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார். ஆகவே வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்காருவேன். நீங்களும் உங்கள் பக்கத்து விளக்கைக் கவனியுங்கள்.

கணக்கு டீச்சர் | 11 டிசம்பர் 2025

டேப்லெட்டை எங்கே வைப்பீர்கள்? அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசச் சொல்லாதீர்கள். அரைக் கிலோ கனம், ஐந்து நிமிடத்தில் கை சரிந்துவிடும். அப்புறம் மகன் பார்ப்பது மூக்கையும் மின்விசிறியையும்தான்.

சாலிடர் | 11 டிசம்பர் 2025

டீச்சர் சொன்னதற்கு ஒரு வால். வாங்கும்போது முன்கேமரா எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். படுக்கைவாட்டில் வைக்கும்போது மேல் ஓரத்தில் நடுவில் இருக்க வேண்டும். சில மாடல்களில் அது குறுகலான ஓரத்தில் இருக்கும். அப்போது அம்மா உங்களைப் பார்த்துப் பேசினாலும் ஜன்னலைப் பார்த்துப் பேசுவதுபோலவே தெரியும். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கப் போகிறது என்றால் 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் பேட்டரிப் பாதுகாப்பு உள்ளதா என்றும் கேளுங்கள். உப்பிப்போன பேட்டரியோடு என் கடைக்கு வருபவற்றில் பல, சாமி அறையில் வருடக்கணக்கில் சொருகியே கிடந்தவைதான்.

முகப்புத்திண்ணை | 27 ஜனவரி 2026

எல்லாருக்கும் வணக்கம். ஊரிலிருந்து எழுதுகிறேன், நாளை மறுநாள் கிளம்புகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

11 அங்குல டேப்லெட், சிம் போடும் மாடல், கேமரா நீள ஓரத்தில். ரௌட்டர் முகப்பில் இருந்தது. அம்மா இருப்பது இரண்டாம் கட்டு எனப்படும் பின்பகுதியில், அடுப்படிப் பக்கம். நடுவே இருப்பவை எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்கள், கை நீளத்துக்குத் தடிமன். டேப்லெட் தானாகவே 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடமும் உறைந்து நின்றது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், கொஞ்சம் தேவலை. கடைசியில் மின்பணியாளரைக் கூப்பிட்டுக் கம்பி இழுத்து ரௌட்டரையே இரண்டாம் கட்டின் வாசலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சரியாயிற்று. மூன்று நாள் வைஃபையோடு மல்லுக்கட்டியதற்குப் பதில் முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

எங்கே வைப்பது என்பதற்கு அம்மாவே விடை சொன்னார். தாத்தா ராமாயணம் படிக்க வைத்திருந்த சிக்குப் பலகை பரணில் கிடந்தது. துடைத்து எண்ணெய் தடவி அதன்மேல் வைத்தோம். சரிவு அளந்து செய்ததுபோல இருக்கிறது. சார்ஜர் கம்பி நுழைய நடுவில் இடைவெளியும் இருக்கிறது. முதலில் அம்மா முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், மகள் அங்கிருந்து பார்த்துவிட்டு "அப்பத்தா கறுப்பாகத் தெரிகிறார், முகமே இல்லை" என்றாள். பலகையைத் திருப்பி, முற்றத்து வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழும்படி வைத்தோம். இப்போது மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறதாம்.

முகப்புத் திரையில் மூன்றே சின்னங்கள்: என் படம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எதிர்வீட்டு அத்தை. படத்தைத் தொட்டால் வாட்ஸ்ஆப்பில் என் பக்கம் திறக்கும், மேலே கேமராக் குறியைத் தொட வேண்டும், இரண்டு தொடுதல். ஒரு தடை வந்தது. இரண்டாம் வாரம் திடீரென்று அம்மாவின் திரை கறுப்பாகிவிட்டது, குரல் மட்டும் வந்தது. அனுமதிகளையெல்லாம் தேடிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் பார்த்தால், மேலிருந்து இழுக்கும் விரைவுப் பட்டியலில் கேமராவையே அணைக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அம்மாவின் கை பட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். இன்னொரு நாள் மணியே அடிக்கவில்லை. அது பேட்டரி சேமிப்புக்காக வாட்ஸ்ஆப்பைத் தூங்க வைத்திருந்தது. "கட்டுப்பாடற்றது" என்று மாற்றினேன்.

டீச்சர், நீங்கள் சொன்னதுபோலத் தவறுகளை வேண்டுமென்றே செய்து காட்டினேன். அடுத்த அறையில் உட்கார்ந்து தினமும் நான்கு முறை அம்மாவை அழைத்தேன், அவரும் என்னை அழைத்தார். "ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதென்ன கூத்து" என்றார். ஆனால் நான்காம் நாள் காபி போட்டுவிட்டு என்னைக் கூப்பிட எழுந்து வரவில்லை, அழைத்தார்.

கணக்கு டீச்சர் | 27 ஜனவரி 2026

நூற்றுக்குத் தொண்ணூறு. பத்து மதிப்பெண் நீங்கள் விமானம் ஏறிய பிறகு.

முகப்புத்திண்ணை | 15 பிப்ரவரி 2026

அவசரம். அம்மா பொத்தான் போனில் அழைத்தார். "உன்னைக் காணோம்" என்கிறார். மற்ற இரண்டு சின்னங்களும் இருக்கின்றன, என் படம் மட்டும் இல்லை. தொடுகோலால் இழுத்து எங்கேயோ விட்டிருக்கிறார் போல. எதிர்வீட்டு அத்தை பக்கத்தில் நிற்கிறார், அவரிடம் என்ன சொல்வது?

சாலிடர் | 15 பிப்ரவரி 2026

முதலில் திரையை இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். இல்லையென்றால் அத்தை வாட்ஸ்ஆப்பைத் திறந்து உங்கள் உரையாடலுக்குப் போய், மேலே மூன்று புள்ளிகளில் குறுக்குவழி சேர்க்கும் வரியைத் தொடட்டும். வந்ததும் மறக்காமல் முகப்புத் திரை அமைப்புகளில் தளவமைப்பைப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டிவிட்டால் யார் இழுத்தாலும் நகராது. இதை நான் டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முகப்புத்திண்ணை | 15 பிப்ரவரி 2026

மூன்றாம் பக்கத்தில் இருந்தேனாம். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அத்தை பூட்டிவிட்டார். அம்மா இப்போது வீடியோவில் இருக்கிறார், பிறகு வருகிறேன்.